அரிக்கமேடும் கோஸ் தீவின் மதுச்சாடிகளும்: அயல்நாட்டு மட்கலச் சான்றுகளின் மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்த அரிக்கமேடு, 1945ஆம் ஆண்டு அகழாய்வுக்குப்பின் ‘இந்திய–ரோம வணிக நிலையம்’ என்று அறியப்பட்டது. அங்குக் கிடைத்த இத்தாலிய மட்கலத்தின் காலமே அவ்வூரின் காலமாகவும், தென்னிந்தியத் தொல்லியல் காலவரிசையின் அடிப்படையாகவும் கொள்ளப்பட்டது. அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா சாடிகளுள் கிரேக்கத்தின் கோஸ் தீவைச் சார்ந்த வகை மிகுதியாக இருப்பது பின்னர் அறியப்பட்டபோது அக்கருத்து மாறியது. கோஸ் தீவு, அரிக்கமேடு ஆகிய இரண்டின் அகழாய்வு வரலாற்றையும் ஒப்பிட்டு, ஒரு துறைமுகத்தின் தொடக்கத்தையும் முடிவையும் அங்கு வந்திறங்கிய அயற்பொருளைக் கொண்டு வரையறுத்தல் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரிக்கமேடு, கோஸ் தீவு, ஆம்போரா, அரிட்டைன், ரௌலட்டட் மட்கலம், ஓய்மாநாடு, இடைக்கால வணிகம்.

முன்னுரை

சங்க காலத் தமிழரின் கடல் வணிகத்தைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளில் அரிக்கமேடு இடம்பெறாத ஏடு அரிது. யவனர் குறித்த இலக்கியக் குறிப்புகளுக்குத் தொல்லியல் சான்று காட்ட வேண்டிய இடத்தில் அதன் பெயர் உடனே வந்துவிடுகிறது. எனினும், அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளுள் எதன் முடிவை மேற்கோளாகக் கொள்கிறோம் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. 1946இல் வெளியான ஓர் அறிக்கையின் முடிவுகள், பின்வந்த ஆய்வுகளால் திருத்தப்பட்ட பிறகும், பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் மாறாமல் தொடர்கின்றன.

அரிக்கமேட்டைப் பற்றிய கருத்து மாறியதற்குப் புதிய அகழாய்வு மட்டும் காரணமன்று. முன்பே கிடைத்து அருங்காட்சியகங்களில் இருந்த ஓடுகளை மீண்டும் எடுத்துப் பார்த்ததும் முதன்மையான காரணம் ஆகும். அவ்வாறு மறுவாசிப்புக்கு உள்ளான பொருள்களுள் மதுச்சாடிகளே இங்கு மையமாகக் கொள்ளப்படுகின்றன. அவை புறப்பட்ட தீவின் வரலாற்றையும் வந்துசேர்ந்த துறையின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது இரண்டிற்கும் பொதுவான ஒரு பாடம் புலப்படுகிறது.

1. ஆறும் துறையும்

செஞ்சிப் பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறு, வராக நதி என்றும் செஞ்சி ஆறு என்றும் வழங்கப்பெறும். மயிலத்திற்கு அருகில் வீடூர் அணையில் தேக்கப்பட்டு, திருவக்கரை, வில்லியனூர் வழியாகச் சென்று புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அதன் கிளையாகிய அரியாங்குப்பம் ஆற்றின் கரையிலேயே காக்காயந்தோப்பு, வீராம்பட்டினம் ஆகிய ஊர்களுக்கு அருகில் அரிக்கமேடு அமைந்துள்ளது. திறந்த கடலின் அலையினின்று காக்கப்பட்ட ஆற்றுமுகமும், உள்நாட்டுக்குச் செல்லும் ஆற்றுவழியும் ஒருங்கே அமைந்த இடம் அது. எனவே அரிக்கமேட்டைத் தனித்ததொரு கடற்கரைக் குடியிருப்பாகக் கொள்ளாமல், திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களை உள்ளடக்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கின் கடல்வாயிலாகக் கொள்வதே பொருத்தமாகும்.

கி.பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எகிப்தில் வாழ்ந்த பெயர் அறியப்படாத கிரேக்க வணிகர் எழுதிய ‘எரித்திரையக் கடற்செலவு’ என்னும் நூல், இக்கடற்கரையில் காமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்று துறைகளை வரிசைப்படுத்துகிறது. காமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே புதுச்சேரி–அரிக்கமேடு என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் ஆய்வாளர் பலர் கொள்வர். இம்மரக்காணமே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்பதும் பலர் ஏற்ற கருத்தாகும். அந்நூலின் பாட்டுடைத் தலைவனாகிய நல்லியக்கோடனின் ஓய்மாநாடு திண்டிவனத்தைச் சுற்றியிருந்தது. அவனுடைய கிடங்கில் இன்றும் திண்டிவனத்தை ஒட்டிய ஊராக அப்பெயருடன் விளங்குகிறது.

அக்கிரேக்க நூலில் நாம் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இத்துறைகளில் நின்ற கலங்களாக அந்நூலாசிரியர் குறிப்பிடுபவை கிரேக்கக் கலங்கள் அல்ல. கரையோரமாக மேலைக்கடற்கரைக்குச் செல்லும் உள்ளூர்க் கலங்களும், ‘சங்கரா’ என்னும் பெரிய கலங்களும், கங்கை முகத்துக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் ‘கோலாந்தியோபொந்தா’ என்னும் மாபெரும் கலங்களும் ஆகும். மத்தியதரைக் கடற்பொருள்கள் கீழைக்கடற்கரைக்கு வந்த வழியில் உள்ளூர் மாலுமிகளுக்கும் வணிகர்களுக்கும் பெரும்பங்கு இருந்தது என்பதற்கு அயல்நாட்டார் ஒருவரே தரும் சான்று இது.

2. அகழாய்வுகளின் வரிசை

வெள்ளிக்கோளின் கடப்பைக் காண்பதற்காக இந்தியா வந்து புதுச்சேரியில் தங்கிய பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், 18ஆம் நூற்றாண்டிலேயே வீராம்பட்டினத்து ஆற்றங்கரையில் பழஞ்சுவர்கள் காணப்படுவதைக் குறித்துவைத்தார். 1937 அளவில் ழுவோ–துப்ரெயில் அவ்விடத்துப் பொருள்களைத் திரட்டினார். அவற்றுள் மனிதத் தலை பொறித்த மணிக்கல் ஒன்று அகஸ்டஸ் பேரரசரின் உருவமாகக் கருதப்பட்டது. 1940களின் தொடக்கத்தில் ஃபோஷே அடிகளாரும் சுர்லோவும் அங்கு அகழ்ந்தனர். அக்காலத்துக் கண்டெடுப்புகளுள் ஒரு பகுதி ஹனோய் நகருக்கு அனுப்பப்பட்டது.

இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக 1944இல் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு ஆம்போரா ஓட்டைக் கண்டு அதன் சிறப்பை உணர்ந்தார். அவர் 1945இல் நடத்திய அகழாய்வின் அறிக்கை 1946இல் ‘பண்டைய இந்தியா’ என்னும் தொல்லியல் துறை இதழின் இரண்டாம் எண்ணில் வெளிவந்தது. பின்னர் 1947 முதல் ழான்–மரி கசால் அங்கு அகழ்ந்தார். அவர் அருகிலுள்ள முத்திரப்பாளையம், சுத்துக்கேணி ஆகிய இடங்களின் ஈமச்சின்னங்களையும் அகழ்ந்து, துறைமுக ஊரையும் ஈமக்காடுகளையும் ஒரே நூலில் சேர்த்து ஆராய்ந்தார். நெடிய இடைவெளிக்குப்பின், 1989 முதல் 1992 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. இராமனும் இணைந்து புதிய அகழாய்வை மேற்கொண்டனர். அதன் அறிக்கை 1996இலும் 2004இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

3. ஒரு கலமும் அதனைத் தொடர்ந்த காலவரிசையும்

வீலரின் முறை எளிமையானது. அக்காலத்திற்கு மிக வலிமையானதும் கூட. இத்தாலியின் அரெட்சோ நகரோடு தொடர்புடைய, செம்மெருகு ஏற்றப்பட்ட ‘அரிட்டைன்’ என்னும் உணவுக்கலம் அரிக்கமேட்டில் கிடைத்தது. அக்கலம் செய்யப்பட்ட காலம் ஐரோப்பிய அகழாய்வுகளால் ஏறத்தாழத் துல்லியமாக அறியப்பட்டிருந்தது. எனவே அது கிடைத்த மண்ணடுக்கைக் கி.பி. முதலாம் நூற்றாண்டின் முற்பகுதி என்று கொண்டு, அதற்குக் கீழும் மேலும் இருந்த அடுக்குகளுக்குக் காலம் கணித்தார் வீலர். அதன்படி அவ்வூர் கி.மு. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிக் கி.பி. 200 அளவில் முடிந்ததாக அவர் கருதினார்.

இக்கணிப்பு அரிக்கமேட்டோடு நிற்கவில்லை. அங்கு அரிட்டைனோடு தொடர்புபட்ட அடுக்குகளில் ரௌலட்டட் மட்கலமும் கிடைத்தது. தட்டையான அடிப்பகுதியும் உள்மடிந்த விளிம்பும் கொண்ட இந்நுண்மண் தட்டின் உட்புறத்தில், பற்கள் பதிந்தாற்போன்ற சிறு கோடுகள் வட்டவரிசையாக அமைந்திருக்கும். இதே கலம் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947இல் நடந்த அகழாய்வில் மேலடுக்கில் கிடைத்தபோது, அரிக்கமேட்டுக் காலம் அங்கும் கொண்டுசெல்லப்பட்டது. அதன் கீழிருந்த பெருங்கற்காலப் பண்பாடு கி.மு. 200 அளவில் தொடங்கியதாகக் கூறப்பட்டது. இத்தாலிய நகரொன்றின் உணவுத்தட்டு, காவிரிக்கும் கிருஷ்ணைக்கும் இடைப்பட்ட நிலத்தின் இரும்புக்காலத்தையே அளக்கும் கோலாயிற்று.

சங்கிலியின் முதற்கண்ணி தளர்ந்தால் முழுச் சங்கிலியும் தளரும். அடுத்த தலைமுறை ஆய்வாளர் அம்முதற்கண்ணியையே சோதித்தனர். கசாலின் அகழாய்வு, அயற்கலங்கள் வருவதற்கு முன்பே கருப்பு–சிவப்பு மட்கலத்தைப் பயன்படுத்திய மக்கள் அங்கு வாழ்ந்ததைக் காட்டியிருந்தது. பெக்லி 1983இல் வெளியிட்ட ‘அரிக்கமேடு: ஒரு மறுஆய்வு’ என்ற பொருளிலான கட்டுரையில், புதிய அகழாய்வு தொடங்குவதற்கு முன்பே, வெளியான அறிக்கைகளையும் பழைய ஓடுகளையும் கொண்டு வீலரின் காலவரிசையை மறுபரிசீலனை செய்தார்.

4. கோஸ் தீவின் சாடி

ஆம்போரா என்பது மத்தியதரைக் கடல் நாடுகளில் மது, எண்ணெய், மீன்சாறு முதலியவற்றைக் கப்பலில் ஏற்றுவதற்குப் பயன்பட்ட, இரு கைப்பிடிகளும் ஒடுங்கிய கழுத்தும் கூரிய அடியும் உடைய சுடுமண் சாடி. விளைவிடத்திற்கேற்ப இதன் வடிவம் மாறும். ஆகவே சாடியின் வடிவத்தைக் கொண்டே அதில் வந்த பொருளையும் அது புறப்பட்ட இடத்தையும் ஓரளவு அறியலாம். உட்புறத்தில் பிசின் பூசப்பட்டிருப்பின் அது பெரும்பாலும் மதுச்சாடியாகும்.

ஆம்போரா வல்லுநராகிய எலிசபெத் லைடிங் வில் அரிக்கமேட்டின் பழைய ஓடுகளை ஆராய்ந்து, 1991இல் வெளியான ‘ரோமும் இந்தியாவும்’ என்னும் தொகுப்பு நூலில் தம் முடிவுகளை வெளியிட்டார். அச்சாடிகளுள் கோஸ் தீவின் மதுச்சாடி வகையும் அதனைப் பார்த்துச் செய்யப்பட்ட வகைகளும் மிகுதி என்பது அவரது முதன்மையான முடிவு. இரு மண்கோல்களை ஒட்டவைத்தாற்போன்ற இரட்டைக் கைப்பிடி இவ்வகையின் அடையாளம். அவற்றுள் சில கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்றும் அவர் கருதினார். அகஸ்டஸ் அரியணை ஏறுவதற்கு முன்பே, ரோமப் பேரரசு எகிப்தைக் கைக்கொள்வதற்கு முன்பே, கிரேக்கத் தீவின் மது அரிக்கமேட்டை எட்டியிருக்கலாம் என்பது இதன் பொருள். இசுபெயினின் மீன்சாற்றுச் சாடிகளும் எண்ணெய்ச் சாடிகளும் சிறுபான்மையாக அங்குக் கிடைத்தன.

எனினும் இச்சான்றைக் கையாள்வதில் ஒரு நுட்பம் உண்டு. கோஸ் தீவின் மது கடல்நீர் கலந்து செய்யப்படுவது. பண்டைய உலகில் அது பெயர்பெற்றிருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் உழவுநூல் எழுதிய ரோமரான கேட்டோ, கோஸ் மதுவை இத்தாலியிலேயே செய்துகொள்ளும் முறையைக் கூறுகிறார். மது போலிசெய்யப்பட்டபோது சாடியும் போலிசெய்யப்பட்டது. இத்தாலியின் கம்பானியா பகுதியில் இரட்டைக் கைப்பிடிச் சாடிகள் பெருமளவில் வனையப்பட்டன. அப்பகுதி எரிமலைப் பகுதியாதலின், அங்குள்ள மண்ணில் கரிய எரிமலைத் துகள்கள் கலந்திருக்கும். ஓட்டின் முறிவாயை உருப்பெருக்கியில் நோக்கினால் அத்துகள்கள் தெரியும். வடிவம் கோஸ் தீவைக் காட்ட, களிமண் நேபிள்ஸ் வளைகுடாவைக் காட்டக்கூடும். எனவே வடிவத்தை மட்டும் கண்டு ‘கிரேக்கச் சாடி’ என்பதும், இத்தாலியக் களிமண்ணைக் கண்டு எல்லாவற்றையும் ‘ரோமச் சாடி’ என்பதும் ஒருபோல் பிழையாகும். வடிவம், களிமண், கிடைத்த அடுக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தே சான்றாகின்றன.

5. கோஸ் தீவு காட்டும் அடுக்குகள்

அச்சாடிகளின் பிறப்பிடமான கோஸ், ஏஜியன் கடலின் தென்கிழக்கில் ஆசியா மைனர்க் கரையை ஒட்டி அமைந்த தீவு. மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஹிப்போகிரட்டீசு பிறந்த இடம். அங்குள்ள அஸ்கிளீப்பியசு என்னும் மருத்துவத் தெய்வத்தின் திருத்தலத்தை ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஹெர்சோக் 1902 முதல் அகழ்ந்து வெளிப்படுத்தினார். தீவின் தலைநகரோ பழைய நகரின்மீதே எழுந்திருந்ததால் அங்கு விரிவாக அகழ இயலவில்லை. 1933ஆம் ஆண்டு ஏப்ரலில் நேர்ந்த நிலநடுக்கம் நகரின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளியது. அப்போது தீவு இத்தாலியர் ஆட்சியில் இருந்தது. இடிபாடு அகற்றப்பட்ட இடங்களில் இத்தாலியத் தொல்லியலாளர் விரிவாக அகழ்ந்து, துறைமுகப் பகுதியையும் அங்காடி வெளியையும் ஓவியத்தளம் பதித்த வீடுகளையும் வெளிக்கொணர்ந்தனர்.

அங்குத் தோன்றிய வரலாறு ஒரே அடுக்கினதன்று. கி.மு. 366இல் ஒருங்கிணைத்து அமைக்கப்பட்ட கிரேக்க நகரம், அதன்மேல் ரோமர் காலக் கட்டடங்கள், அதன்மேல் பைசாந்தியத் தேவாலயங்கள் என வாழ்வு தொடர்ந்திருந்தது. 14ஆம் நூற்றாண்டு முதல் தீவை ஆண்ட புனித யோவான் அமைப்பின் வீரர்கள் துறைமுக வாயிலில் நெராட்சியா என்னும் கோட்டையை எழுப்பினர். அக்கோட்டைச் சுவர்களில் பண்டைய நகரின் தூண்களும் செதுக்குக் கற்களும் எடுத்துப் பதிக்கப்பட்டுள்ளன. 1523இல் தீவு உதுமானியர் கைக்குச் சென்றது; கோட்டை அதன் பின்னரும் பயன்பட்டது.

சாடி வனையும் தொழிலும் ரோமப் பேரரசின் உச்சநிலையோடு முடிந்துவிடவில்லை. தீவின் தென்கரையில் கர்தாமைனா பகுதியில் தொடக்கப் பைசாந்திய காலச் சாடி உற்பத்திக்கான சான்றுகள் கிடைத்துள்ளன. வடிவம் மாறியது, வாங்குவோர் மாறினர், தொழில் தொடர்ந்தது. கோஸ் தீவின் வரலாற்றை எழுதுவோர் எவரும் இரட்டைக் கைப்பிடிச் சாடியின் காலத்தை மட்டும் கொண்டு அத்தீவின் வாழ்வு இன்ன ஆண்டில் தொடங்கி இன்ன ஆண்டில் முடிந்தது என்று கூறுவதில்லை. அரிக்கமேட்டிற்கோ அவ்வாறே கூறப்பட்டது.

6. ரௌலட்டட் மட்கலமும் எதிர்த்திசைச் சான்றுகளும்

வீலர் ரௌலட்டட் மட்கலத்தை மத்தியதரைப் பகுதியோடு தொடர்புபடுத்தினார். பின்னர் நடந்த களிமண் ஆய்வுகள் அது இந்தியாவிலேயே வனையப்பட்டது என்பதை நிறுவின. வி.டி. கோக்தே 1997இல் வெளியிட்ட ஊடுகதிர் விளிம்பு ஆய்வு, அக்களிமண் கீழ்க் கங்கைச் சமவெளியின் சந்திரகேதுகர்–தாம்லுக் பகுதியைச் சுட்டுவதாகக் கூறியது. அலங்கார நுட்பம் மேலைநாட்டிலிருந்து வந்திருக்கலாம், கலம் இந்நாட்டது. இக்கலமும் அரிக்கமேட்டின் பெயராலேயே ‘அரிக்கமேடு வகை 10’ என்று வழங்கப்படும் முத்திரையணிக் கலமும் இந்தோனேசியாவின் பாலித் தீவில் செம்பிரான் என்னும் இடத்தில் கிடைத்துள்ளன. கங்கைக் கரையிலிருந்து பாலி வரை நீளும் இக்கீழைக்கடல் வலையில் அரிக்கமேடு ஒரு கண்ணி. அவ்வலைக்கு ரோமர் காரணர் அல்லர்.

அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகளும் இதனையே உணர்த்துகின்றன. இழுத்துச் செய்யப்பட்ட ஒற்றைநிறச் சிறுமணிகளை ஆராய்ந்த பீட்டர் ஃபிரான்சிசு, அத்தொழிலின் மிகப் பழைய நிலையங்களுள் ஒன்றாக அரிக்கமேட்டைக் கருதினார். இம்மணிகள் தென்கிழக்காசியக் கரையெங்கும் கிடைப்பதால் ‘இந்தோ–பசிபிக் மணிகள்’ என்று பெயர்பெற்றன. அதே தொழில்நுட்பம் ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை வழக்கில் இருந்தது.

மேலைத்திசையிலும் போக்குவரத்து ஒருவழியாக இல்லை. எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயில் 1995இல் கிடைத்த ஆம்போரா ஓடு ஒன்றில் தமிழ்–பிராமி எழுத்தில் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை ஐராவதம் மகாதேவன் ‘கொற்றபூமான்’ என்று படித்தார். அவ்வூரின் கோயில் ஒன்றில், இந்தியாவில் வனைந்த பெரிய சாடியொன்றினுள் ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட மிளகு கிடைத்தது. மதுச்சாடி இங்கு வந்தது. மிளகுச்சாடி அங்குச் சென்றது. அங்குக் கிடைத்த சாடியோட்டில் தமிழ்ப்பெயர் எழுதப்பட்டது. ‘ரோமர் குடியிருப்பு’ என்ற சொல் அரிக்கமேட்டிற்குப் பொருந்துமாயின், அதே அளவையின்படி பெரெனிகேயைத் ‘தமிழர் குடியிருப்பு’ என்று கூற வேண்டியிருக்கும். இரண்டும் பொருந்தா. இரண்டும் பல நாட்டார் வந்துசென்ற துறைகள்.

7. ரோமுக்குப் பிந்தைய அரிக்கமேடு

வீலரின் அகழாய்விலேயே இடைக்காலப் பொருள்கள் கிடைத்தன. சோழர் காசுகளும், செலடன் எனப்படும் சீனத்துப் பச்சை மெருகுப் பீங்கான் துண்டுகளும் மேலடுக்குகளில் காணப்பட்டன. பழைய சுவர்களின் செங்கல்லைத் தோண்டியெடுக்க வந்தவர்கள் விட்டுச்சென்றவை என்று அவர் அவற்றுக்கு விளக்கம் தந்தார். செங்கல் எடுக்கப்பட்டது உண்மை. சுவர்கள் இருந்த இடத்தில் வெற்றுக் குழிகள் மட்டும் எஞ்சியமை அதனைக் காட்டுகிறது. ஆயின் செங்கல்லைத் தேடி வருவோர்க்கு அருகில் கட்டடம் எழுப்பும் தேவை இருந்திருக்க வேண்டும். சீனப் பீங்கான் தோண்டுகருவியும் அன்று. கோஸ் தீவில் பண்டைய தூண்கள் கோட்டைச் சுவரில் ஏறியதை இடைக்கால வாழ்வின் சான்றாக எழுதுகிறோம். அரிக்கமேட்டில் அதே செயல் வெறும் அழிவாகப் பதிவாயிற்று.

சுற்றுப்புறத்தை நோக்கினால் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு கிடைத்த பாகூரும், சோழர் காலக் கோயில்கள் விளங்கும் திருபுவனை, திருவக்கரை ஆகிய ஊர்களும் இவ்வட்டாரத்தவையே. சோழர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துச் சோங் அரசவைக்குத் தூது அனுப்பிய காலத்தில் இக்கடற்கரைக்குச் சீனப் பீங்கான் வருவதில் வியப்பில்லை. பெக்லி–இராமன் அகழாய்வு, அரிக்கமேட்டின் வாழ்வு கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலோ அதற்கு முன்போ தொடங்கி, கி.பி. 200க்குப் பின்னும் பல நூற்றாண்டுகள் நீடித்தது என்பதையும், இடைக்காலத்திலும் அங்கு மக்கள் நடமாட்டம் இருந்தது என்பதையும் காட்டியது.

இதனோடு இணைத்துக் கருத வேண்டிய மற்றொரு மறுவாசிப்பும் உண்டு. இந்தியத் தொல்லிடங்கள் பலவற்றில் ‘ரோம ஆம்போரா’ என்று பதிவான ஓடுகளை ராபர்ட்டா டோம்பர் மீண்டும் ஆராய்ந்தார். அவற்றுள் ஒரு பகுதி ரோமுக்குரியதன்று என்றும், மெசபடோமியாவில் வனைந்த, உட்புறம் நிலக்கீல் பூசிய, கைப்பிடியற்ற நீள்சாடிகள் என்றும் 2007இல் எடுத்துக்காட்டினார். அவை சாசானியர் காலத்தையும் தொடக்க இசுலாமியக் காலத்தையும் சார்ந்தவை. ‘ரோம ஆம்போரா’ என்று எழுதப்பட்ட ஒரு சொல், சில நூற்றாண்டுகள் பிற்பட்ட பாரசீக வளைகுடா வணிகத்தை மறைத்துவிடக்கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

8. தமிழாய்வாளர்க்குரிய அணுகுமுறை

மேற்கண்டவை தொல்லியலாளர்க்கு மட்டும் உரிய நுணுக்கங்கள் அல்ல. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாட்டையும் அரிக்கமேட்டு ஆம்போராவையும் இணைத்துச் சங்க இலக்கியத்தின் காலத்தைக் கி.பி. முதலிரு நூற்றாண்டுகளுக்குள் அடக்குவது ஆய்வேடுகளில் வழக்கமாகிவிட்டது. யவனர் மது கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே வந்திருக்கக்கூடும் எனில், அம்மது அப்பாட்டின் காலத்தைத் தானாகவே நிறுவாது. அதற்காகப் பாட்டின் காலத்தை உடனே முன்கொண்டு செல்லவும் இயலாது. மதுவின் வரவு நீண்ட காலம் நிகழ்ந்தது என்பதே தொல்லியல் தரும் செய்தி. பாட்டின் காலத்தை மொழி, யாப்பு, கல்வெட்டு முதலிய பிற சான்றுகளைக் கொண்டே துணிய வேண்டும்.

எனவே அகழாய்வுச் சான்றைப் பயன்படுத்தும் ஆய்வாளர் மூன்று வேறுபாடுகளைக் கருத்தில் கொள்ளுதல் நலம். முதலாவது, பொருள் செய்யப்பட்ட காலமும் அது மண்ணில் புதைந்த காலமும் வேறு. சாடி உடையும்வரை பயன்படும். வெறுஞ்சாடி நீர்க்கலமாகவும் பல்லாண்டு வாழும். இரண்டாவது, பொருளின் பிறப்பிடமும் அதனைக் கொணர்ந்தவரின் பிறப்பிடமும் வேறு. கோஸ் சாடியைக் கரையிறக்கியவர் கிரேக்கராகவே இருக்க வேண்டியதில்லை. மூன்றாவது, ஒரு பொருளின் வரவு நின்ற காலமும் ஊரின் வாழ்வு நின்ற காலமும் வேறு. கீழடியின் கரிம மாதிரியொன்று கி.மு. 580 என்னும் காலத்தைத் தந்ததாகத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட பிறகு, அயற்கலத்தைக் கொண்டு மட்டும் தமிழகக் காலவரிசையை அமைக்கும் தேவையும் குறைந்துள்ளது.

முடிவுரை

அரிக்கமேட்டின் மண்ணில் அகழப்படாத பகுதிகள் இன்னும் உள்ளன. அதேவேளை ஆறு கரையை அரித்து வருகிறது. மரவேர்களும் செங்கற் சுவர்களைப் பிளக்கின்றன. புதிய அகழாய்வு நிகழுமாயின் வரவேற்கத்தக்கது. அதற்குக் காத்திராமல் செய்யக்கூடிய பணியும் உண்டு. புதுச்சேரி, சென்னை அருங்காட்சியகங்களில் உள்ள ஓடுகளையும், திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்து மேற்பரப்பாய்வுகளில் கிடைக்கும் ஓடுகளையும் களிமண் அடிப்படையில் ஒப்பிட்டு ஒரே அட்டவணையில் கொணர்தல் அது. சங்கராபரணிப் பள்ளத்தாக்கின் உள்நாட்டு ஊர்களில் எவ்வெக்கலங்கள் எவ்வளவு தொலைவு வரை பரவின என்பது தெரிந்தால்தான் துறைக்கும் நாட்டுக்கும் இருந்த உறவு தெளிவாகும். தமிழும் தொல்லியலும் கற்ற இவ்வட்டார ஆய்வு மாணவர்கள் மேற்கொள்வதற்கு உரிய களம் இது.

கோஸ் தீவின் வரலாறு அங்குச் சாடி வனைவதற்கு முன்பே தொடங்கியது. அச்சாடி வழக்கொழிந்த பின்னும் தொடர்ந்தது. அச்சாடி வந்துசேர்ந்த அரிக்கமேட்டிற்கும் அதே நீதி வழங்கப்பட வேண்டும். அதன் வரலாற்றைக் கருப்பு–சிவப்பு மட்கலத்தில் தொடங்கிச் சோழர் காசும் சீனப் பீங்கானும் கிடைத்த மேலடுக்கு வரை முழுமையாக எழுதும்போது, ‘ரோம வணிக நிலையம்’ என்பது அவ்வரலாற்றின் ஓர் இயலாக மட்டும் நிற்கும்.